வாய்க்கால் ஓரத்தில் நின்றது

வெட்டியது நான்தான்.
ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை.
சங்கிலி ரம்பத்தில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருந்தது,
அதைவிடப் பெரிய காரணம் எதுவுமில்லை.
பனிவண்டியைத் திருப்ப இடம் வேண்டும் என்று
வீட்டில் சொன்னேன்.
அதுவும் பொய்யில்லை.

வாய்க்கால் ஓரம், என் எல்லைக்குள்,
ஆள் உயரம்.
ஜூனில் கடுகளவு வெள்ளைப் பூ,
கண்ணாடி போட்டால்தான் தெரியும்.
பதினோரு வருடத்தில்
ஒரு காய் கண்டதில்லை நான்.
தண்டச்செடி என்று பேர்வைத்திருந்தேன்.

வேலிக்கு அப்பால், டெல்ஃபீன் வீட்டில், மூன்று.
விண்டர்பெரி.
இலையெல்லாம் கொட்டி முடித்த பிறகு
வெறும் குச்சியில் சிவப்பு,
குச்சி தெரியாத அளவுக்குச் சிவப்பு.
மடவாஸ்காவின் ஜனவரியில்
என் டீசல் கூழாகிவிடும்,
ஆறு உறைந்து
கனடா இன்னும் பக்கத்தில் வந்துவிடும்,
அந்தப் பழம் மட்டும் கல்லாய் உறைந்தும்
நிறம் விடாது.
காலை நாலு மணிக்குப் பனி தள்ளக் கிளம்பினால்
வண்டி வெளிச்சம் முதலில் விழுவது அதன்மேல்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டெல்ஃபீன் சொல்லிக்கொண்டே இருப்பாள்.
தபால் ஆபீசில் முப்பது வருடம் முத்திரை குத்திய கை,
எதையும் அழுத்தித்தான் சொல்லும்.
"மண்ணுக்குப் புளிப்பு வேணும், ரோசேர்.
பைன் ஊசி போடறேன், காப்பிச் சக்கை போடறேன்,
சும்மா வருமா?"
வராதுதான், என்பேன்.

அடுத்த ஜூனில் அவள் செடிகள் பூத்தன.
தேனீ வந்தது, போனது.
ஒன்றும் பிடிக்கவில்லை.
காப்பிச் சக்கையை இரட்டிப்பாக்கினாள்,
மண்ணைப் பொட்டலம் கட்டிச் சோதனைக்கு அனுப்பினாள்,
மண்ணில் குறையில்லை என்று கடிதம் வந்தது.
நவம்பரில் மூன்று துடைப்பங்கள்
பனியில் தலைகீழாய்.

தபால்பெட்டி அருகே பிடித்துக்கொண்டாள்:
"நர்சரி கிளோவிஸைக் கேட்டேன்.
இதுல ஆண் வேற, பெண் வேறயாம்.
என்னோட மூணும் பெண்.
ஆண் இங்கதான் பக்கத்துல எங்கேயோ நின்னிருக்கணும்கிறான்.
எங்க போயிருக்கும் அது?"

என் பூட்ஸைப் பார்த்தேன்.
தெரியலையே, என்றேன்.
அறுபத்து மூன்று வயதில்
ஒரு செடிக்காகப் பொய்.

அன்று சாயங்காலமே டார்ச்சோடு போனேன்.
பனியைக் கையால் விலக்கினால்,
கட்டையைச் சுற்றி ஏழு துளிர்,
பென்சில் கனம், முழங்கால் உயரம்.
கோடை முழுக்க என் முதுகுக்குப் பின்னால்
வளர்ந்திருக்கிறது.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

முயல் கடிக்காமல் கோழிக்கம்பி கட்டினேன்.
வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பப் பழகினேன்,
ஒவ்வொரு முறையும் பதினெட்டு அடி கூடுதல்.
பைன் ஊசி, சாக்கு நிறைய.
காப்பிச் சக்கையை மட்டும் போடவில்லை.
எங்கள் வீட்டில் பொடிக்காப்பி,
வெந்நீரில் கரைந்துவிடும், சக்கையே கிடையாது.

மே மாதம் ஒரு காலை,
கோழிக்கம்பிக்கு உள்ளே,
வேரைச் சுற்றி வட்டமாய்,
இன்னும் ஆவி பறக்க
காப்பிச் சக்கை.
ஓரத்தில் வடிதாள் ஒன்று,
நாலாய் மடித்து,
காற்றில் போகாதபடி அதன்மேல் ஒரு கல்.
அழுத்தி வைத்திருந்தது.

அவளும் பேசவில்லை, நானும்.
மழையைப் பற்றிப் பேசினோம்,
உருளைக்கிழங்கு விலையைப் பற்றி.

அதற்கடுத்த ஜூனில்
கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றேன்.
தண்டச்செடியின் கடுகுப் பூவில்
தேனீ ஒன்று குடைந்து, புரண்டு,
இடுப்பில் மஞ்சள் தூளோடு
வேலியைத் தாண்டியது.
யாரோட எல்லை என்று அது பார்க்கவில்லை.

ஜனவரியில் பறவைகள் வந்தன.
கொண்டை வைத்தவை, வால்நுனி மட்டும்
மஞ்சளில் தோய்த்தெடுத்தவை, இருநூறு இருக்கும்.
நாற்பது நிமிடம்.
ஒரு பழம் மிச்சமில்லை.

அவள் ஜன்னலில் அவள்,
என் ஜன்னலில் நான்.
கடைசிப் பறவை போனதும்
அவள் கையை விரித்துக் காட்டினாள்.
நானும் விரித்தேன்.

பிறகு வண்டியைக் கிளப்பினேன்,
பதினெட்டு அடி
சுற்றிக்கொண்டு.